ஹால்லேர்ந்து சமையல்கட்டுக்கு, வழி பஃபலோ

1

போன வாரம் எனக்கு ஒரு வாழ்த்து மெயில் வந்துது. அனுப்பினது மனுஷன் இல்ல, கம்ப்யூட்டர். உங்க வெப்சைட்டுக்கு ஒரு வயசு ஆயிடுச்சு, வாழ்த்துகள், இன்னும் ஒரு வருஷம் நடத்தணும்னா இங்க அமுக்குங்கன்னு போட்டிருந்துது. பக்கத்துல கேக் படம். கேக்கு மேல ஒரு மெழுகுவத்தி நிக்காம ஆடிக்கிட்டிருந்துது. ஊதி அணைக்க வழியில்ல, கம்ப்யூட்டரை மூடினாத்தான் அணையும். மூடிட்டு வாசல்ல பனி வாரப் போனேன்.

அமெரிக்காவுல, நியூயார்க் மாநிலத்துல நான் இருக்கற ஊருக்குப் பேரு பஃபலோ. நம்ம பாஷையில எருமை. ஊருக்கும் எனக்கும் பொருத்தம் பாத்துத்தான் விசா குடுத்திருக்காங்கன்னு என் மனைவி சொல்லுவா. இங்க நான் கிளினிக்கல் சோஷியல் ஒர்க்கர். மனசு கஷ்டத்தோட வர்றவங்க கூட உக்காந்து பேசறது வேலை. மண்டவெளியில எங்கப்பா இதை அக்கம்பக்கத்துக்கு எப்படி விளக்கினாருன்னா, "பையன் அமெரிக்காவுல சமூக சேவை பண்றான்." சம்பளம் உண்டான்னு மாடி வீட்டுக்காரர் கேட்டிருக்காரு. உண்டுன்னதும், அப்போ அது எப்படி சார் சேவைன்னு மடக்கியிருக்காரு. அதுலேர்ந்து அப்பா, "ஆஸ்பத்திரியில இருக்கான்"னு மாத்திட்டாரு. கேக்கறவங்க என்னிக்கு டிஸ்சார்ஜுன்னு விசாரிக்காம இருந்தாச் சரி.

எங்க முறை என்னன்னு சொல்லிடறேன், இல்லாட்டி மேல சொல்லப் போறது புரியாது. வர்றவங்கதான் முதலாளி. நான் புத்தி சொல்லக் கூடாது, இப்படிப் பண்ணுங்க அப்படிப் பண்ணுங்கன்னு வழி காட்டக் கூடாது. அவங்க சொல்றத முழுசாக் கேட்டு, நான் கேட்டுக்கிட்டது சரிதானான்னு அவங்க கிட்டயே திருப்பிச் சொல்லணும். 'உங்க புருஷன் மேல உங்களுக்குக் கோவமா இருக்கு.' 'இந்த வேலைய விட்டுடலாம்னு இருக்கு உங்களுக்கு.' அவ்வளவுதான். திருப்பிச் சொல்லச் சொல்ல, அவங்க மனசு அவங்களுக்கே கேக்கும், வழிய அவங்களே கண்டுபிடிச்சிடுவாங்க. கண்டுபிடிச்சும் இருக்காங்க, நான் கண்ணால பாத்திருக்கேன். பஸ் ஸ்டாப்புல தும்மினாக்கூட நாலு பேர் வைத்தியம் சொல்ற ஊர்ல பொறந்துட்டு, வாய மூடிக்கிட்டு உக்கார்றதுக்குன்னு படிச்சு, பரீட்சை எழுதி, லைசன்ஸ் வாங்கி, அதைக் காலாகாலத்துல புதுப்பிச்சுக்கிட்டும் இருக்கேன்.

2

எங்க வீட்ல ஒரு பழக்கம். பெரிய விஷயம் எதையும் அப்பா கிட்ட நேரா சொல்றதில்ல. யாரும் போட்ட சட்டம் இல்ல. குழாய்ல தண்ணி வர்ற மாதிரி, அது வர்ற வழி அப்படி.

அமெரிக்காவுல படிக்க இடம் கிடைச்சப்போ அம்மா கிட்டதான் சொன்னேன். மத்தியானம் அப்பாவும் நானும் பக்கத்துப் பக்கத்துல உக்காந்து சாப்பிடறோம், முழங்கை இடிக்குது. அம்மா மீன் குழம்பு ஊத்திக்கிட்டே, "இவன் என்னமோ அமெரிக்கா போறானாம்"னாங்க. அப்பா சங்கரா மீன்லேர்ந்து ஒரு முள்ள எடுத்துத் தட்டு ஓரமா வச்சாரு. "அங்க குளுருமே, ஸ்வெட்டர் இருக்கான்னு கேளு அவன." அம்மா எம் பக்கம் திரும்பி, "ஸ்வெட்டர் இருக்காடா?" "வாங்கிக்கலாம்னு சொல்லும்மா." முடிஞ்சுது. என் தலையெழுத்து அரை அடி தூரத்தை அம்மா வழியா சுத்திக்கிட்டுப் போயி, அனுமதியோட திரும்பி வந்துடுச்சு.

அம்மா போனப்பறம் வீட்ல அப்பாவும் என் தங்கச்சி மேகலாவும்தான். மேகலா எனக்கு எட்டு வயசு சின்னவ. தி.நகர்ல பெரிய பட்டு ஜவுளிக்கடை ஒண்ணுல கணக்கு பாக்கறா. வந்த வரன் எல்லாம் ஒவ்வொண்ணா தட்டிப் போச்சு. அப்பறம் அம்மாவுக்கு உடம்பு, அப்பறம் அப்பாவுக்குக் கண்ணு, இப்படியே நாப்பது பக்கமா வந்துட்டா. அப்பாவும் அவளும் நேரா பேசிக்கறது கேஸ், பால், மாத்திரை இந்த மூணப் பத்தித்தான். மத்தது எல்லாம் என் வழியா.

எனக்கு ஞாயித்துக்கிழமை காலைல, அவங்களுக்கு அன்னிக்கு சாயங்காலம். நான் ஃபோன் பண்ணுவேன். அப்பா எடுத்து, "அவகிட்ட சொல்லு, கடைலேர்ந்து வர லேட்டாச்சுன்னா ஃபோன் பண்ணணும்னு"ம்பாரு. அடுத்து மேகலா வாங்கி, "அப்பாகிட்ட சொல்லு, கடைல ஃபோன் முதலாளி மேஜை மேல இருக்கு, அவர் கண்ணு முன்னாடி எடுக்க முடியாதுன்னு"ம்பா. அவரு ஹால்ல, இவ சமையல்கட்டு வாசல்ல, நடுவுல நாலு அடி. நான் ரெண்டு பக்கமும் சொல்லுவேன். மண்டவெளி ஹால்லேர்ந்து மண்டவெளி சமையல்கட்டுக்குப் போற சேதி ஆகாசத்துல ஏறி, சாட்டிலைட்டைத் தொட்டு, எருமையூர் வந்து திரும்பிப் போகும். எங்க குடும்பத்துக்குன்னே அதை மேல விட்டிருக்காங்கன்னு நினைச்சுப்பேன்.

3

வெப்சைட்டு யோசனை போன வருஷம் தீபாவளி சமயத்துல வந்துது. ஊர்ல மூலைக்கு மூலை ப்ரவுசிங் சென்டர் வந்துடுச்சுன்னு கேள்விப்பட்டேன். தமிழ்ல மனசு விட்டுப் பேச ஆள் இல்லாதவங்க எழுதட்டும், மெயில்லயும் சாட்லயும் கேப்போம்னு ஆரம்பிச்சேன். லைசன்ஸ் போர்டுக்கு ஃபோன் பண்ணி, வேற ஊர்ல இருக்கறவங்களுக்கு இங்கேர்ந்து இப்படிப் பேசலாமான்னு கேட்டேன். ஒருத்தர் இன்னொருத்தருக்கு மாத்தினாரு, அவரு இன்னொரு அம்மாவுக்கு மாத்தினாரு. அந்தம்மா, சென்னை நியூயார்க் மாநிலத்துக்குள்ள வருதான்னு கேட்டாங்க. இதுவரைக்கும் வரலீங்கன்னேன். அப்போ எங்களுக்குத் தெரியாதுன்னுட்டாங்க.

கே.கே. நகர்லேர்ந்து ஒரு தம்பி எழுதினாரு, அவருக்கு விசா வேணும். ஆதம்பாக்கத்துலேர்ந்து ஒரு பெரியவர் பொண்ணோட ஜாதகத்தை அனுப்பி, அமெரிக்கா மாப்பிள்ளை இருந்தாச் சொல்லுங்கன்னாரு. 'உங்க பொண்ணு கல்யாணத்தைப் பத்தி உங்களுக்குக் கவலையா இருக்கு'ன்னு நான் முறைப்படி பதில் போட்டேன். 'ஆமாம் சார், நட்சத்திரம் தெளிவா இருக்கா?'ன்னு பதில் வந்துது. மனசு கஷ்டம்னு ஒருத்தரும் வரல.

இதை ஒரு ஞாயித்துக்கிழமை நான் சிரிப்பாச் சொன்னப்போ மேகலா சிரிக்கல. குரலத் தாழ்த்தி, "அண்ணா, எனக்கு ஒரு மணி நேரம் போட்டுக் குடு"ன்னா. சொந்தக்காரங்களுக்குப் பண்ணக் கூடாது, எங்க தொழில்ல அது பெரிய தப்புன்னேன்.

"ரோட்ல போறவளுக்கு உண்டு, கூடப் பொறந்தவளுக்குக் கிடையாது. நல்ல தொழில்டா அண்ணா."

என்னான்னு சொல்லு, அண்ணனாக் கேக்கறேன்னேன். அண்ணனாக் கேட்டா நீ பாதியில ஜோக் அடிப்பே, அங்க இருக்கறவங்களுக்குக் கேக்கற மாதிரி கேளுன்னா. ஃபோன்ல முடியாது, அப்பா இங்கயேதான் இருக்காருன்னா. சரின்னேன். தெரபி இல்ல, சும்மா கேக்கறது, அவ்வளவுதான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ஆனாலும் அவ விடல, வெப்சைட்ல இருந்த விண்ணப்பத்தைப் பூர்த்தி பண்ணியே அனுப்பினா. 'அவசரத்துக்குக் கூப்பிட வேண்டியவர்'ங்கற இடத்துல என் பேரு. உறவு, அண்ணன். நான் அதை மனைவி கிட்ட காட்டிச் சிரிச்சேன்.

4

மேகலாவுக்கு செவ்வாய்க்கிழமை வார லீவு. கபாலி கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டு லஸ் முனையில, ஸ்வீட் கடைக்கு மாடியில ஒரு ப்ரவுசிங் சென்டருக்குப் போவா. ப்ளைவுட்டால தடுத்த அறை, முழங்கால் இடிக்குமாம். தமிழை இங்கிலீஷ் எழுத்துல ஒத்தை விரலால அடிப்பா. ஒரு வரி வர்றதுக்குள்ள இங்க என் காபி ஆறிடும். கேக்கறவனுக்கு அது நல்லதுதான், அவசரப்பட முடியாது.

முதல்ல கடையப் பத்தி எழுதினா. அப்பறம் கடையில பட்டு செக்‌ஷன் சூப்பர்வைசர் செல்வராஜைப் பத்தி. திருச்செந்தூர் பக்கத்துக்காரர், மனைவி போய்ச் சேந்து பல வருஷம், குழந்தை இல்ல. அந்தக் கடைல வேலை பாக்கறவங்க மேல் மாடி மெஸ்ல பந்தி பந்தியா சாப்பிடணும். அவரு ஒருத்தர் கிட்ட சொல்லி மேகலா சாப்பிடற பந்திக்கு மாத்திக்கிட்டாராம். எதிர்ல உக்காரல. ரெண்டு பெஞ்சு தள்ளி. மோர் வாளி வர்றப்ப மட்டும், "கணக்குல ஊத்துங்க"ம்பாராம், அதாவது கணக்கு செக்‌ஷனுக்கு முதல்ல. இப்படியே ரெண்டு வருஷம் மோர்லயே ஓடியிருக்கு.

'அவர் உன்னை கவனிக்கறது உனக்குப் பிடிச்சிருக்கு'ன்னு அடிச்சேன். ஆமான்னா. என்ன சொல்ல, சந்தோஷமா இருந்துது. தங்கச்சிக்காகப் பாதி, முறை வேலை செய்யுதேன்னு பாதி.

மூணாவது செவ்வாய்க்கிழமை விஷயத்துக்கு வந்தா. கடைக்காரங்க மதுரையில புதுக் கடை தொறக்கறாங்க. பொங்கல் முடிஞ்சதும் செல்வராஜை அங்க அனுப்பறாங்க. அவரு நேரா கேட்டுட்டாரு, வர்றீங்களான்னு. இவளுக்கு இஷ்டம். அப்பாவையும் கூட்டிக்கிட்டுப் போயிடலாம்னு அவரே சொல்லியிருக்காரு. ஆனா நம்ம ஜாதி இல்ல, ரெண்டாம் தாரம், கடை வேலை. அப்பாவுக்கு இந்த மூணையும் விழுங்க வைக்கணும், பொங்கலுக்குள்ள.

அப்பறம் இந்த வரி வந்துது.

"அண்ணா, நீ அப்பா கிட்ட சொல்றியா?"

இதைப் படிக்கற உங்க எல்லாருக்கும் இதுக்குப் பதில் தெரியும். சொல்றேன்மா. ரெண்டு வார்த்தை. நான் அடிச்சது இது: "அப்பா கிட்ட யாராவது சொல்லணும்னு உனக்குத் தோணுது."

"யாராவது இல்ல. நீ."

"நான் சொன்னாத்தான் நடக்கும்னு உனக்கு இருக்கு. நீயே சொன்னா எப்படி இருக்கும்?"

என் பொண்ணு திவ்யா ஸ்கூல் பஸ்ஸுக்கு நின்னுக்கிட்டு என் தோளுக்குப் பின்னாடிலேர்ந்து பாத்துக்கிட்டிருந்தா. அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, ஆனா இங்கிலீஷ் எழுத்துல இருந்ததால வாய்விட்டுப் படிச்சுப் புரிஞ்சுக்கிட்டா.

"டாட், அத்தை உன்னை ஹெல்ப் கேக்கறாங்க. நீ ஏன் கேட்டதையே திருப்பிக் கேக்கறே? என்கிட்டயும் இதேதான் பண்றே."

"நான் உனக்கு பதில் சொல்றதில்லன்னு உனக்குத் தோணுது"ன்னேன். கேலி பண்ணல. வாயில தானா வந்துடுச்சு. அவ பைய எடுத்துக்கிட்டுப் போயிட்டா. அவளுக்கு அப்போ பதினஞ்சு வயசு. இப்பெல்லாம் அவ என்கிட்ட எதுவும் கேக்கறதில்ல, அவங்கம்மா கிட்ட சொல்லி அனுப்பறா. பழக்கம் ரத்தத்துல வருது போலிருக்கு.

திரும்பிப் பாத்தா திரையில மேகலாவோட கடைசி வரி. "டைம் முடிஞ்சுது. வெளில ஆள் நிக்கறாங்க."

5

அவளே சொல்லிட்டா. அப்பா நியூஸ் பாத்துக்கிட்டிருந்தாராம். டிவியை அணைச்சுட்டு எதிர்ல நின்னு, ஆள் பேரு, ஊரு, வேலை, எனக்கு இஷ்டம்னு எல்லாத்தையும் ஒரே மூச்சுல சொல்லியிருக்கா. அப்பா அவளைப் பாக்காம சமையல்கட்டுப் பக்கம் திரும்பினாராம். அங்க அம்மா இல்லையே. கொஞ்ச நேரம் அப்படியே பாத்துட்டு, "பால் பொங்குதா பாரு"ன்னாராம். அடுப்புல பாலே இல்ல. பதில் சொல்லணும்னா யார் வழியாவது சொல்லணும். அதனால ஞாயித்துக்கிழமைக்காகக் காத்துக்கிட்டிருந்திருக்காரு.

முதல் மணியிலயே எடுத்தாரு.

"அவ என்னமோ சொல்றா. உனக்குத் தெரியுமா?"

"சொன்னாப்பா."

"நீ என்ன சொல்றே?"

எங்கப்பா என் அபிப்பிராயத்தைக் கேட்டது என் ஞாபகத்துல அதுதான் முதல் தடவை. கேட்டது ஒரு வார்த்தைக்காக. நல்ல இடம்பா, பண்ணி வையுங்கன்னு நான் சொல்லியிருந்தா, கொஞ்சம் குதிச்சிருப்பாரு, ஜாதியப் பத்தி ரெண்டு பேச்சு பேசியிருப்பாரு, அப்பறம் பையனே சொல்லிட்டான்னு ஊர் கிட்ட சொல்லிக்கிட்டு இறங்கி வந்திருப்பாரு. இறங்கறதுக்கு ஒரு படி கேட்டாரு மனுஷன். நான் என் முழுப் படிப்பையும் கொட்டி, மெதுவா, நிதானமா, கிளினிக்ல பேசற அதே குரல்ல சொன்னேன்: "நான் சொல்றது இருக்கட்டும்பா. உங்களுக்கு என்ன தோணுது?"

லைன்ல கடல் இரைச்சல் மாதிரி ஒண்ணு கேட்டுது.

"நீ என்ன சொல்றேன்னு கேட்டேன்."

"இது அவ வாழ்க்கைப்பா. நீங்க ரெண்டு பேரும் உக்காந்து மனசு விட்டுப் பேசினா ஒரு வழி தெரியும்."

"சரி. உனக்கு மீட்டர் ஓடுது. வச்சிடறேன்."

அவரு என்ன கேட்டுக்கிட்டாருன்னு எனக்கு அன்னிக்குப் புரியல. நம்ம ஊர்ல ஒரு கல்யாணத்துக்குச் சம்மதம்னா சத்தமாச் சொல்லுவாங்க, இனிப்பு எடுத்து வாயில போடுவாங்க. 'உங்க இஷ்டம்'னு யாராவது சொன்னா அதுக்கு அர்த்தம் எனக்கு இஷ்டமில்ல, ஆனா பழி என் மேல வர வேணாம். சொந்த அத்தை ஒருத்தங்க வெத்தலை மென்னுகிட்டே அந்த ரெண்டு வார்த்தையச் சொல்லி ஒரு நிச்சயதார்த்தமே நின்னத நான் பாத்திருக்கேன். அதெல்லாம் தெரிஞ்சவன்தான். ஆனா பஃபலோவுல யாருக்கும் அது தெரிய வேண்டிய அவசியமில்ல பாருங்க, அதனால எனக்கும் மறந்துடுச்சு.

அன்னிக்கு சாயங்காலம் அப்பா பெரிய விஷயம் ஒண்ணை மேகலா கிட்ட நேரா சொன்னாரு. வாழ்க்கையில முதல் தடவையா. "உங்க அண்ணனுக்கும் இதுல இஷ்டமில்ல."

6

அடுத்த செவ்வாய்க்கிழமை அவ சாட்டுக்கு வந்தா. அதுதான் கடைசி.

"நீ அப்பா கிட்ட என்ன சொன்னே?"

"நான் எதுவுமே சொல்லல மேகலா. சத்தியமா."

"அதான்."

எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாப் புரிஞ்சுது. இப்பவே ஃபோன் பண்ணி எனக்கு முழுச் சம்மதம்னு சொல்றேன்னு வேக வேகமா அடிச்சேன், தப்பும் தவறுமா. வேணாம்னா. போன வாரம் சொல்லியிருந்தா அது அண்ணன் சொன்னது, இப்ப சொன்னா நான் அழுது சொல்ல வச்சதுன்னு ஆகும்னா. அதை நான் கேக்கல, ஃபோன் பண்ணினேன். செல்வராஜ் நல்லவர், ஜாதியாவது ஒண்ணாவது, எனக்குப் பூரண இஷ்டம்னு கத்தினேன். அப்பா முழுசாக் கேட்டாரு. "அவ சொல்லச் சொன்னாளா?"ன்னாரு. இல்லப்பான்னேன். இருமினாரு. அதுக்கு மேல அதைப் பத்திப் பேச்சில்ல.

அப்பாவை மீறி அவ போயிருக்கலாமேன்னு இங்க என் கூட வேலை பாக்கற வெள்ளைக்காரம்மா கேட்டாங்க. யாரையும் மீறிப் போறவ எதுக்கும்மா என்கிட்ட வரப் போறான்னு நினைச்சேன். சொல்லல. "அவ போயிருக்கணும்னு உங்களுக்குத் தோணுது"ன்னேன். நல்ல கவனிப்புன்னு பாராட்டினாங்க.

பொங்கல் முடிஞ்சு செல்வராஜ் மதுரை போயிட்டாரு. ஆவணியில அவரோட அக்கா அவருக்கு ஒரு பொண்ணைப் பாத்துக் கல்யாணம் முடிச்சு வச்சாங்க. அந்தச் சேதிய மேகலா ஒரு ஞாயித்துக்கிழமை கேஸ் சிலிண்டர் வர தாமதமாகறதப் பத்திச் சொல்லிக்கிட்டே, நடுவுல சொன்னா. கடைல எல்லாரும் சேந்து குத்துவிளக்கு வாங்கி அனுப்பினாங்களாம். பணம் வசூல் பண்ணினது இவதான், கணக்கு செக்‌ஷனாச்சே.

இப்போ என்கிட்டயும் கேஸ், பால், மாத்திரைதான். பட்டினப்பாக்கத்துல வஞ்சிரம் என்ன விலைன்னு கேட்டா சொல்லுவா. லஸ்ல புதுசா என்ன கடை வந்துருக்குன்னு கேட்டா சொல்லுவா. ரெண்டாயிரமாவது வருஷம் பொறந்தா கம்ப்யூட்டர் எல்லாம் நின்னுடுமாமேன்னு அவளே ஒரு தடவை கேட்டா. பயப்படற மாதிரி தெரியல.

மெழுகுவத்தி மெயில் வந்தப்பறம் நேத்து ஃபோன் பண்ணினேன். வழக்கமான விசாரிப்பு எல்லாம் ஆச்சு. வைக்கப் போறப்ப என்னவோ தோணி, "மேகலா, நீ எப்படி இருக்கே? நெஜமாச் சொல்லு"ன்னேன்.

கொஞ்சம் இடைவெளி விட்டா. எவ்வளவு விடணுமோ அவ்வளவு. அப்பறம் கோவம் இல்லாம, கேலி இல்லாம, மெதுவா, நிதானமா சொன்னா.

"நான் எப்படி இருக்கேன்னு தெரிஞ்சுக்கணும்னு உனக்கு இருக்கு."

நான் வாயத் தொறக்கறதுக்குள்ள ஃபோன் அப்பா கைக்கு மாறிடுச்சு. பக்கத்துல டம்ளர் வைக்கற சத்தம் கேட்டுது.

"அவகிட்ட சொல்லு, காபில சக்கரை கம்மி."

"சொல்றேன்பா"ன்னேன்.

ஃபோன் திரும்ப கை மாறிச்சு.

"மேகலா, காபில சக்கரை கம்மியாம்."

"சரி"ன்னா.